ஏழாம் நம்பர் வீட்டுப் பிள்ளை

பெனிட்டாவை ஊதச் சொன்னார்கள். அவளும் ஊதினாள். பொறி சற்று நேரம் யோசித்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு வீடு கிடையாது என்று சொல்லிவிட்டது.

இன்னாசிக்கு அது பிடிபடவில்லை. அன்று காலையில்தான் கிளிஞ்சல் சந்து ஏழாம் நம்பர் வீட்டில் அவளைக் குளிப்பாட்டி, இரட்டைச் சடை என்ற பெயரில் ஒன்றை ஏற்றியும் ஒன்றை இறக்கியும் பின்னி, கதவைப் பூட்டிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். புறப்படும்போது வீடு இருந்தது. சாவி இப்போதும் மடியில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து வருவதற்குள் வீடு எங்கே போயிருக்கும் என்று அவர் நியாயமாகவே கவலைப்பட்டார்.

தூத்துக்குடியில் கடலோரமாக இருந்த அந்தப் பள்ளிக்கூடம் அப்போது ரொம்பப் பெயர் வாங்கியிருந்தது. அங்கே படிக்கிற பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே அப்பாவைத் திருத்துகிறார்கள் என்று பேச்சு. அதனால் ஊரில் உள்ள அத்தனை பேரும் அந்தப் பகுதியில்தான் குடியிருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு வருஷம் ஒரே முகவரியிலிருந்து எண்பது பிள்ளைகள் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அது வீடே இல்லை, வலை உலர்த்துகிற கொட்டகை. அதற்கப்புறம்தான் அரசாங்கம் இந்தப் பொறியைக் கொண்டுவந்தது. 'இல்ல உயிர்த்தட உறுதிப் பொறி' என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வரிசையில் இரண்டு பேர் ஊதிவிட்டுப் போய்விடலாம் என்பதால் ஜனங்கள் அதை வீடுகாட்டி என்றே சொன்னார்கள். தையல் மிஷின் உயரம் இருக்கும். முன்னால் ஒரு குழாய், மேலே ஒரு சின்னத் திரை. பார்வைக்குச் சாதுவாகத்தான் தெரியும்.

பொறிக்குப் பின்னால் சேர்க்கை அலுவலர் தாணுமூர்த்தி உட்கார்ந்திருந்தார். நாகர்கோவில்காரர். சட்டைப் பையில் இருந்த பேனாகூட விதிப்படி செங்குத்தாக நிற்கும். இன்னாசி இரண்டாவது தடவையும் விளங்கவில்லை என்று சொன்னபோது அவர் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார்.

"இங்க பாருங்க பெரியவரே. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிருமிக் கூட்டம் உண்டு. நல்ல கிருமிதான், பயப்படாதீங்க. ஒரே பானைச் சோறு, ஒரே குடத்துத் தண்ணின்னு இருக்கிறவங்க வாயிலயும் வயித்துலயும் ஒரே கூட்டம் குடியிருக்கும். முகவரி பொய் சொல்லும், ரேஷன் கார்டு பொய் சொல்லும். கிருமிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"சரி சார். எம் பிள்ளை வாயில இருக்க கிருமி என்னதான் சொல்லுது?"

"நீங்க ஊதினதோட பொருத்தம் நூத்துக்குப் பதினொண்ணு. கொறஞ்சது அறுபது வேணும். மிச்சமெல்லாம் தெரு முழுக்கச் செதறிக் கெடக்கு. இது எந்த வீட்டுப் பிள்ளைன்னு பொறியால சொல்ல முடியல."

இன்னாசி குனிந்து பெனிட்டாவைப் பார்த்தார். ஆறு வயசுப் பிள்ளை; மேலே ஏறியிருந்த சடையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கணக்கு விளங்கிவிட்டது.

பெனிட்டா அவர் பெற்ற பிள்ளை இல்லை. உறவும் இல்லை. அவர் மாலத்தீவுக்குப் போகிற தோணியில் சமையல்காரராக இருந்த காலத்தில் சூசைமிக்கேல் என்று ஒரு பையன் கூட வேலை பார்த்தான், அவனுடைய மகள். சூசைமிக்கேலும் அவன் மனைவி ஜெனிட்டாவும் கடலடிச் சுரங்கத்துக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இறங்கியிருந்தார்கள். நடுக்கடலில், வெளிச்சம் போகாத ஆழத்தில், உருளைக்கிழங்கு மாதிரிக் கிடக்கிற தாதுக்கட்டிகளைப் பொறுக்குகிற வேலை. நினைத்தபோது மேலே வரமுடியாது. அழுத்தம் குறைந்து உடம்பு பழகவே பல நாள் ஆகும். அவசரப்பட்டால் சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த கதையாகிவிடும். பிள்ளையை யாரிடம் விடுவது என்று வந்தபோது, கல்யாணமே செய்துகொள்ளாத இன்னாசி, எப்படியும் நாம் சும்மாதானே இருக்கிறோம் என்று வாங்கிக்கொண்டார். அவள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து அவர் சும்மா இருந்ததே இல்லை.

ஐஸ் கம்பெனியில் அவருக்கு நேரங்கெட்ட வேலை. அதனால் பிள்ளை காலையில் பக்கத்து வீட்டுக் கித்தேரியிடம் தோசை சாப்பிடும். மத்தியானம் மைதீன் பாத்து நடத்துகிற மெஸ்ஸில் மீன் குழம்பு. சாயங்காலம் யார் வீட்டில் பலகாரம் மணக்கிறதோ அந்த வீடு. ராத்திரி மட்டும் ஏழாம் நம்பரில் வந்து படுத்துக்கொள்ளும். இன்னாசி வீட்டில் ஒரு பானை உண்டு. தோணியில் இருந்த நாளிலிருந்து அதில் கஞ்சி ஒருநாளும் வற்றியதில்லை. ராத்திரி சோற்றைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார், காலையில் குடிப்பார், அடியில் கொஞ்சம் விட்டுவைத்து அதன்மேலேயே மறுபடியும் போடுவார். மழைக்காலத்தில் அதன் புளித்த வாசம் சந்து முனைவரை போகும். அதைப் பெனிட்டா ஒரே ஒரு தடவை குடித்துப் பார்த்தாள். அதோடு சரி.

"பெத்தவங்க மூச்சாவது இருந்தா அவங்க முகவரியில சேத்துடலாம்," என்றார் தாணுமூர்த்தி. "ஆனா அவங்க முகவரிக்குப் பக்கத்துப் பள்ளின்னு பொறியில தேடினா, செங்குத்தா நாலு கிலோமீட்டர் மேல ஒரு கப்பலக் காட்டுது." அவர் சிரிக்கவில்லை. "பெத்தவங்க ஒரு எடம், பிள்ளை ஒரு எடம்னு இருக்கதே சரியில்ல பெரியவரே. ஆனா பெத்தவங்க கூட இல்லாத பிள்ளைக்கும் பள்ளியில சேர உரிமை இருக்கு. சட்டத்துல தெளிவா எழுதியிருக்கு. எந்த வீட்டுல வளருதோ அந்த வீட்டைக் காட்டினாப் போதும்."

"காட்டுதேன் சார். வாங்க, கூட்டிட்டுப் போயே காட்டுதேன்."

"என்கிட்ட இல்ல. பொறிகிட்ட காட்டணும்."

மூன்று வாரம் தவணை கொடுத்தார். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் ஊதி அறுபது வந்தால் இடம் உண்டு. வராவிட்டால் காத்திருப்போருக்குப் போய்விடும். பெனிட்டா மட்டும் என்றில்லை. அன்று வரிசையில் அத்தை வீட்டில் வளர்கிற பையன் ஒருவன் நின்றான். அம்மா ஜெயிலில், அக்கா ஆஸ்டலில் என்று இரண்டுக்கும் நடுவில் வளர்கிற பிள்ளை ஒன்று நின்றது. கோயில் வாசலில் பூக்கட்டுகிற பெண்ணொருத்தி எடுத்து வளர்க்கிற குழந்தையும் நின்றது. அதற்கு மட்டும் தொண்ணூற்றிரண்டு வந்தது. மற்றவர்கள் எல்லாம் வீடில்லாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

சனிக்கிழமை கடலடியிலிருந்து அழைப்பு வந்தது. கீழே அவர்கள் சுவாசிக்கிற காற்றில் ஹீலியம் கலந்திருப்பதால் எல்லாருக்கும் வாத்துக் குரல். சூசைமிக்கேல் உருக்கமாகப் பேசும்போதுதான் பெனிட்டா அதிகமாகச் சிரிப்பாள். அவனும் அதற்காகவே உருகுவான். இன்னாசி விஷயத்தைச் சொல்லி, ஒரு பாட்டிலில் மூச்சை ஊதி அனுப்ப முடியுமா என்று கேட்டார். அவன் வாத்துக் குரலில் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான், கீழே இருக்கிற எல்லாரும் ஒரே தொட்டிக் காற்றையும் ஒரே தொட்டித் தண்ணீரையும்தான் பங்குபோடுகிறார்கள், அந்த மூச்சைக் கொண்டுபோனால் பிள்ளைக்கு முந்நூறு அப்பா என்று வந்துவிடும் என்று. ஜெனிட்டா பக்கத்திலிருந்து போனை வாங்கினாள்.

"பெரியவரே, அவளுக்கு எடம் கெடைக்கலன்னா நான் ஏறி வந்துருதேன். ஒப்பந்தம் போனாப் போவுது."

"நீ ஏறி வந்து சேரதுக்குள்ள பள்ளிக்கூடம் தொறந்து அரைப் பரீட்சை வந்துரும்மா. அங்கயே கெட. நான் பாத்துக்கிடுதேன்," என்றார் இன்னாசி. எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று அவருக்கே தெரியாது.

மறுநாளிலிருந்து சட்டம் போட்டுவிட்டார். பெனிட்டா இனி ஏழாம் நம்பரைத் தவிர வேறு எங்கும் கைநனைக்கக் கூடாது. காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, இரவில் மாறுதலுக்கு வெங்காயத்தோடு கஞ்சி. பெனிட்டா கிண்ணத்தைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள். "இத வாயில வச்சா நாக்கு உள்ள ஓடிருது பெரியப்பா" என்று விவரமாகச் சொன்னாள். உதட்டை நனைத்துக்கொண்டு குடித்ததாகப் பேர் பண்ணினாள்.

தெருவில் இது பெரிய வருத்தமாகப் போய்விட்டது. கித்தேரி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வாசலில் நின்று, தன் வீட்டுத் தோசையில் என்ன விஷமா கலந்திருக்கிறது என்று பொதுவாக ஆகாயத்திடம் கேட்டாள். இன்னாசி கிருமிக் கணக்கைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு போனாள். போகிற வழியில் மைதீன் பாத்துவின் மெஸ்ஸுக்குள் நுழைந்தவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதற்கப்புறம் ஏழாம் நம்பரில் ஒரு விநோதம் நடக்க ஆரம்பித்தது. வேலையிலிருந்து திரும்பி வந்தால் கஞ்சிப் பானை இறங்கியிருந்தது. பூனையாக இருக்கும் என்று மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். மறுநாளும் இறங்கியிருந்தது, குழவி மட்டும் ஒழுங்காகப் பழைய இடத்தில் இருந்தது. குழவியைத் தூக்கிவைத்துவிட்டுக் கஞ்சியைக் குடித்து, மறுபடியும் குழவியை எடுத்து மேலே வைக்கிற பூனையை அவர் தோணியில் போன தேசங்களில்கூடக் கண்டதில்லை. ஒருநாள் வேலைக்குப் போவதாகப் போக்குக் காட்டிவிட்டு, பின்பக்கமாக வந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

மைதீன் பாத்து வந்தாள். கையில் தூக்குவாளி. பின்னாலேயே கித்தேரி, அவள் கையில் செம்பு. இருவரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கடமையே என்று மொண்டார்கள்.

"என்னத்தா இது? ரெண்டு பேரும் சேந்து ஏங் கஞ்சியத் திருடிக் குடிக்கியளா?"

செம்பு கீழே விழுந்தது. மைதீன் பாத்துதான் முதலில் தேறினாள்.

"ஆசப்பட்டுக் குடிக்கோம்னு நெனச்சியளோண்ணே? எங்க வீட்டு மனுசன் ஒரு வாரமா மூக்கப் புடிச்சிக்கிட்டு முழுங்குதாரு. நேத்து 'நான் என்ன பாவம் செஞ்சேன்'னு அழுதாரு."

"பெறவு எதுக்கு?"

"பிள்ளையக் கட்டிப்போட முடியுமாண்ணே? அது எங்க வீட்டுக்கு வரத்தான் செய்யும், சோறு கேக்கத்தான் செய்யும். நீங்க வேலைக்குப் போனதும் நேரா அடுப்படிக்குத்தான் வருது. நாங்க எப்படி இல்லன்னு சொல்ல? அதான் கித்தேரி அக்கா ஒரு யோசன சொன்னாவ. பிள்ளைய மாத்த முடியலன்னா வீட்ட மாத்திருவோம்னு."

கித்தேரி கஞ்சி தெறித்த சேலையைத் தட்டிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள். தெருவில் எல்லா வீட்டுத் தோசை மாவும் இப்போது இன்னாசியின் கஞ்சித் தண்ணீரில்தான் புளிக்கிறது. எல்லா வீட்டுத் தயிரும் அதைத் தொட்டுத்தான் உறைகிறது. பெரியவர்கள் காலையில் ஆளுக்கு அரை டம்ளர் குடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டாலும் அது ஏழாம் நம்பரில் சாப்பிட்ட மாதிரிதான்.

இன்னாசி எழுந்தார். அரிசி மூட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "தெருவுக்கே பத்தாதே. பெரிய பானையா ஒண்ணு வாங்கணும்லா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசி நாள் வந்தது. பெனிட்டா ஊதப் போகிறாள் என்று சந்து மொத்தமும் கிளம்பி வந்துவிட்டது. சேர்க்கை அறையில் திடீரென்று மழைக்கால வாசம் அடித்தது. தாணுமூர்த்தி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

பெனிட்டா ஊதினாள். இன்னாசி ஊதினார். திரையில் தொண்ணூற்றாறு என்று விழுந்தது. அலுவலர் தலையை அசைத்து, பிள்ளைக்கு வீடு கிடைத்துவிட்டது என்றார். இன்னாசி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வரிசையில் அடுத்து நின்றது மைதீன் பாத்து, தன் பேரன் ரியாசோடு. பையன் ஊதினான். பொறி தயங்கவே இல்லை: ஏழாம் நம்பர் வீடு. மைதீன் பாத்து ஊதினாள்: ஏழாம் நம்பர். வேடிக்கை பார்க்க வந்த கித்தேரியை அலுவலர் கூப்பிட்டு ஊதச் சொன்னார். அதுவும் ஏழாம் நம்பர். கித்தேரியின் கணவர் கயித்தானும் ஏழாம் நம்பர்தான். வாசலில் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தவர் எதற்கும் ஊதிப் பார்க்கிறேன் என்று வந்தார்; அவரும் அந்த வீட்டுக்காரராகவே முடிந்தார்.

தாணுமூர்த்தியின் முகம் கறுத்துவிட்டது. "ஒரு தெருவே ஒரு குடும்பமா? என்ன செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியாது பெரியவரே, ஆனா ஏதோ செஞ்சிருக்கீங்க. பொறியை ஏமாத்தியிருக்கீங்க. இந்த முடிவு செல்லாது." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பெனிட்டாவின் இடம் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏமாத்தலியே சார்," என்றார் இன்னாசி. "ஒரே பானைன்னு நீங்கதான சொன்னிய? இப்பம் நெசமாவே ஒரே பானைதான்."

"பொறி கெட்டுப்போயிருக்கும். நான் நிரூபிக்கிறேன் பாருங்க. எனக்கும் உங்க தெருவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல," என்று சொல்லிக்கொண்டே தாணுமூர்த்தி குனிந்து, விதிப்படி மூன்று வினாடி ஊதினார்.

பொறி அவரையும் ஏழாம் நம்பர் வீட்டில் சேர்த்துக்கொண்டது.

மைதீன் பாத்துதான் மெதுவாகக் கேட்டாள், "சாருக்கு மத்தியானச் சாப்பாடு எங்கன?" அவர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த அலுவலகத்துக்கு மட்டுமல்ல, அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்த அத்தனை அலுவலகத்துக்கும் மத்தியான எடுப்புச் சாப்பாடு மைதீன் பாத்து மெஸ்ஸிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அவள் கெட்டித் தயிருக்கு மயங்காத அதிகாரி அந்த ஊரில் இல்லை.

விதிமுறையில் ஒரு சங்கடம் இருந்தது. பிள்ளையின் வீட்டாள் யாரும் அந்தப் பிள்ளையின் சேர்க்கையில் முடிவு சொல்லக் கூடாது. தாணுமூர்த்தி சுழல்நாற்காலியிலிருந்து உடனே எழுந்துவிட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியை வரவழைத்தார்கள். ஊதினார், ஏழாம் நம்பர். அவருக்கு மேலே இருந்தவர் வந்தார். ஏழாம் நம்பர், அதுவும் தொண்ணூற்றெட்டு. தயிர் இரண்டு கப் வாங்குகிறவராம். மேலும் மேலே போகப் போக உறவு நெருங்கிக்கொண்டே போனது. கடைசியில் பெனிட்டாவின் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ள அந்நியர் யாரும் அந்த வட்டாரத்தில் இல்லை என்று ஆயிற்று.

தாணுமூர்த்தி இன்னாசியை வெளியே தூணோரமாகக் கூட்டிக்கொண்டு போனார். பேச ஆரம்பித்தபோது அவருடைய அலுவலகத் தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது.

"எனக்கும் ஒரு பயல் உண்டும். ரெண்டாங் கிளாசு. எம் பொண்டாட்டிக்கு மதுரையில நர்ஸ் வேல, எனக்கு இங்க. அவன் நாகர்கோவில்ல அவன் மாமன் வீட்டுல நிக்கான்."

இன்னாசி தூணில் சாய்ந்துகொண்டார்.

"அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்லயும் இதே பொறிதான். வீட்டாள் ஊதினாத்தான் கேட்டு தொறக்கும், பிள்ளையக் கூட்டிட்டுப் போவலாம். பிள்ளைபிடிகாரன் வந்திரக் கூடாதுன்னு அப்பிடி ஒரு ஏற்பாடு. அந்த விதிய எழுதின கமிட்டியில நானும் இருந்தேன். போன மாசம் லீவுபோட்டுட்டு அவனக் கூப்பிடப் போனேன். ஊதினேன். தொறக்கல."

"பெறவு?"

"அவன் மாமன் வந்து ஊதினாரு, தொறந்துது. பயல் வெளிய வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு, 'கொஞ்சம் பலமா ஊதணும்ப்பா'ன்னான்."

இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தூரத்தில் ஒரு தோணி, போகிறதா வருகிறதா என்று தெரியாமல் நின்றது.

"இன்னொரு விதி இருக்கு," என்றார் தாணுமூர்த்தி. "பெத்தவங்க கூட இல்லாத பிள்ளைக்கு, அதே வீட்டைச் சேந்த அரசு ஊழியர் ஒருத்தர் என்ன உறவுன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாப் போதும். யாரும் தீர்ப்புச் சொல்லாண்டாம். அப்பிடி ஒரு ஊழியர் யார் வீட்டுலயும் இருக்கமாட்டாங்கன்னு நெனச்சி எழுதின விதி அது."

உள்ளே போனார்கள். தாணுமூர்த்தி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, ஜனங்கள் நிற்கிற பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பொறி சற்றுப் பெரிதாகத் தெரிந்தது போலிருக்கிறது. ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். பிறகு பெனிட்டாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"மக்கா, நான் உனக்கு என்ன வேணும்னு எழுதட்டும்?"

பெனிட்டா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களும் எங்க வீடா?"

"பொறி அப்பிடித்தான் சொல்லுது."

"எங்கன படுப்பிய? எங்க வீட்ல ரெண்டு பாய்தான் இருக்கு."

"நான் சாப்பாட்டுக்கு மட்டும்தான் மக்கா."

அவள் யோசித்தாள். சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறவர்கள் தெருவில் யார் யார் என்று மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பாள். "அப்போ மாமான்னு போடுங்க," என்றாள்.

மாமா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து அடிப்பதற்குள் கடைநிலை ஊழியர் முத்திரை குத்தினார். அன்று அவர் வீட்டிலிருந்து பழைய சோறு கொண்டுவந்திருந்தாராம். அந்த அலுவலகத்தில் அந்நியராக இருந்தவர் அவர் ஒருவர்தான். முத்திரை குத்துகிறவருக்கு முடிவெடுக்கிற அதிகாரம் இல்லை என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை. வரிசையில் நின்ற அத்தை வீட்டுப் பையன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நேராக மெஸ்ஸுக்குப் போய் ஒரு கப் தயிர் சாப்பிட்டுவிட்டு வந்தான் என்றும், அவனுக்கும் ஜெயில்காரி மகளுக்கும் தாணுமூர்த்தி ஒரே மூச்சில் மாமாவானார் என்றும் சொல்கிறார்கள். ஒரே கப் தயிரில் கிருமி அவ்வளவு சீக்கிரம் குடியேறுமா என்று கேட்டால், அது இன்னாசி வீட்டுக் கிருமி, காத்திருக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது என்பதுதான் பதில்.

அந்த வருஷம் ஏழாம் நம்பர் வீட்டிலிருந்து மட்டும் ஒன்றாம் வகுப்பில் ஏகப்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வயசு. புள்ளிவிவரத் துறையிலிருந்து இரண்டு பேர் அந்தத் தாயைப் பார்த்துப் பேச வேண்டும் என்று புறப்பட்டு வந்தார்கள். கதவைத் திறந்தது இன்னாசி. அவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள்.

ஜெனிட்டா ஏறி வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தே வருவதாக வாத்துக் குரலில் சொல்லி, வாத்துக் குரலிலேயே அழுதாள். பெனிட்டா சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். இனி அம்மா வந்தால் பள்ளிக்கூட வாசலில் ஊதவேண்டியிருக்கும், அதற்கு முன்னால் கொஞ்சநாள் பெரியப்பா கஞ்சியைக் குடிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அவளைத் தயார்ப்படுத்தினாள்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்திலேயே இந்த வாசலிலும் கேட்டுக்குப் பொறி வைத்திருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் இன்னாசிக்கு ஐஸ் கம்பெனியிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. ஓட்டமும் நடையுமாக வந்தவர் தெரு திரும்பியதும் நின்றுவிட்டார். கேட்டுக்கு முன்னால் தாணுமூர்த்தி, சட்டைப் பையில் பேனா செங்குத்தாக நிற்க, குழாயருகே குனிந்துகொண்டிருந்தார். ஊதினார். கேட்டு திறந்தது. உள்ளே போனார். சற்று நின்றார். வெளியே வந்தார். கேட்டு மூடும்வரை காத்திருந்து மறுபடியும் ஊதினார். மறுபடியும் திறந்தது. எவ்வளவு நேரமாக இது நடக்கிறது என்று தெரியவில்லை. உள்ளே படியில் உட்கார்ந்திருந்த பெனிட்டா, பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிற நிலைக்கு வந்திருந்தாள்.

"மாமா, உள்ள வாறதுன்னா வாங்க. இல்லன்னா வெளிய நில்லுங்க," என்றாள். "கதவுக்கு வலிக்கும்லா?"

"இன்னும் ஒரே ஒரு தடவ மக்கா," என்றார் தாணுமூர்த்தி.

கேட்டு மூடியது. அவர் குனிந்தார். மெதுவாகத்தான் ஊதினார்.